குருவியை மறைத்த தட்டி

போன் அடிக்கட்டும் அக்கா, நீங்க அதைக் கண்டுக்காதீங்க. என் வீட்டுக்காரர்தான். நாங்குநேரி தாண்டினதிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறார். எடுத்தால் பேச வேண்டும். எனக்குப் பேச வராது. பேர்தான் பேச்சியம்மாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான் எனக்காகச் சொல்லுவாள். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். படிப்பு வராமல் இல்லை. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும், அங்கே புது டீச்சர், மறுபடியும் எழுந்து நின்று பேர் சொல்ல வேண்டுமே, அந்தப் பயம்.

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுங்களேன், பிள்ளை முகத்தில் காற்றடிக்கிறது. நீங்களும் சாத்தான்குளம்தானா? நல்லதாய்ப் போயிற்று. நான் அங்கே இறங்கி மினி பஸ் ஏற வேண்டும், எங்க அம்மா ஊருக்கு.

கைக்குழந்தையோடு ஒற்றையாய்ப் போகிறாளே, கூட ஒரு ஆள் வரவில்லையா என்றுதானே பார்க்கிறீங்க? கேட்கவில்லை, ஆனால் பார்க்கிறீங்க. எங்க வீட்டில் இன்றைக்கு யாருக்கும் ஒழியவில்லை அக்கா. குருவி பார்க்க வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். அதனால் இவர் என்னை எங்க ஊரிலேயே நாங்குநேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பிள்ளையின் தொட்டில் கம்பை என் மடியில் வைத்துவிட்டு, ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட்டார். குருவி அங்கே தனியாக இருக்குமே, பாவம்.

சிரிக்காதீங்க. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

எங்க ஊரில், புகுந்த ஊரைச் சொல்கிறேன், ஒரு பெரிய குளம் உண்டு. மழைக்குப் பிறகு பறவை வந்து இறங்கும். கூழைக்கடா, நாரை, கொக்கு, எல்லாம்தான். குளத்துக்குப் பறவை வரும், பறவைக்குப் பின்னாலே தொப்பி வரும். பச்சைத் தொப்பி, உடம்பெல்லாம் பை வைத்த சட்டை, தோளில் எங்க வீட்டு உலக்கை மொத்தத்துக்கு ஒரு கேமரா. குளத்தைச் சுற்றிக் காட்ட இவர் ஆட்டோ ஓட்டுகிறார். அதில் ஒன்றும் குற்றமில்லை. வருகிறவர்கள் குளத்தங்கரையோடு போய்விடுவார்கள். வீட்டுக்குள் வரமாட்டார்கள்.

இந்தத் திருவேங்கடம் சார்தான் வந்தார்.

சென்னையில் பெரிய கம்பெனியில் பெரிய வேலை பார்த்தவராம். ஓய்வு பெற்ற பிறகு வேலையே குருவி பார்ப்பதுதானாம். ஆப்பிரிக்கா போயிருக்கிறார், ஆஸ்திரேலியா போயிருக்கிறார், பனி கொட்டுகிற ஏதோ தேசத்தில் மூக்கு நுனி மரத்துப் போகிற மட்டும் பாறைமேல் படுத்துக் கிடந்திருக்கிறார். எதற்கு? ஒரு வாத்துக்கு. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த அரக்கன் கதை சின்ன வயதில் கேட்டிருப்பீங்களே, அந்த மாதிரி இவருக்கும் உயிர் எந்தக் குருவிக்குள்ளோ மாட்டிக்கொண்டது போல. அதைத் தேடித்தான் அலைகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. எனக்குத்தான் சொல்ல வராதே.

இன்னொன்று கேளுங்க. ஒருதரம் பார்த்த பறவையை மறுதரம் பார்க்க மாட்டாராம். பார்த்தாயிற்றாம். எங்க குளத்தில் அத்தனை பறவை நிற்கிறது, "இதெல்லாம் பாத்தாச்சு பாண்டி, பாத்தாச்சு" என்று வாழைப்பழத் தோலைத் தள்ளுகிற மாதிரி கையால் தள்ளுகிறார். பாண்டி என்றால் இவர்தான். முழுப்பேர் நான் சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு ஆட்டோ பஞ்சர். அதனால் சாரை வீட்டில் உட்கார வைத்து, அத்தை இடியாப்பம் கொடுத்தாள். அத்தை என்றால் என் மாமியார். சாப்பிட்ட கையைக் கழுவ அவர் புறவாசலுக்குப் போனார். புறவாசலில் என்ன இருக்கும்? குளிக்கிற கல், சுற்றி ஓலைத் தட்டி, தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு மருதாணிச் செடி. நாங்கள் குளிக்கிற தண்ணீர் அதற்குத்தான் ஓடும். போனவர் போன வேகத்தில் ஓடி வந்தார். கையெல்லாம் சோப்பு நுரை. கண்ணில் தண்ணீர். வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. அத்தை மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ, பாம்பு கொத்திட்டு போலுக்கே! ஏலே பாண்டி, ஆட்டோவ எடுலே!" என்று கத்தினாள். பஞ்சரான ஆட்டோவை இவர் என்னத்தை எடுக்க?

கடைசியில் சார் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "பாண்டி, மருதாணிச் செடியில ஒரு கூடு இருக்கு. அந்தப் பறவை இங்க இருக்கவே கூடாது!"

"அப்படியா சார்? அப்ப வெரட்டி விட்டுருவமா?" என்றார் இவர்.

நல்லவேளை, சார் மயங்கி விழவில்லை.

பனிமலைக்கு அந்தப் பக்கம் குடும்பம் நடத்துகிற பறவையாம் அது. இந்தப் பக்கத்தில் கூடு கட்டினதை யாரும் கண்டதே கிடையாதாம். நான் பார்த்திருக்கிறேன், தினமும். நான் குளிக்கும்போது தட்டிமேல் உட்கார்ந்து வாலை ஆட்டும். எனக்கென்னவோ தவிட்டுக் குருவிக்குத் தலையில் ரெண்டு முடி கூட வைத்த மாதிரிதான் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

சார் நாற்காலி கொண்டு வரச் சொன்னார். கிணற்றடியில் போட்டு உட்கார்ந்தார். குழாய் மாதிரி ஒன்றை வைத்துப் பார்த்தார். இந்தப் பக்கம் நகர்ந்தார், அந்தப் பக்கம் நகர்ந்தார். பிறகு, "தட்டி மறைக்கிறதே பாண்டி" என்றார்.

அவ்வளவுதான் அக்கா சொன்னார். பிரி என்று சொல்லவில்லை, அந்தப் பழி அவருக்கு வேண்டாம். இவர்தான் அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தார். நான் உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, துண்டும் மாற்றுச் சேலையுமாகக் குளிக்கப் போகிறேன், கல் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, தட்டியைக் காணோம். அந்த இடத்தில் நாற்காலி, சார், இன்னும் ரெண்டு தொப்பி.

"குஞ்சு பறக்குற வரைக்குந்தான் பேச்சி. பறந்ததும் நானே கட்டித் தாரேன்" என்றார் இவர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? துண்டை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அப்புறம் என்ன, கூட்டம்தான். பெங்களூர்க்காரர், கல்கத்தாக்காரர், யாரோ ஒரு டாக்டர், ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டு வந்தாராம். ஊரில் பேச்செல்லாம் எங்க வீடுதான். அத்தை டீ போட்டாள், சுக்குக் காப்பி போட்டாள், பேப்பர்க்காரர் வந்து அத்தையைப் படம் பிடித்தார். அதற்குப் பிறகு அத்தை டீயை ஆற்றுகிற கையே வேறு மாதிரி ஆகிவிட்டது.

நான் குளிப்பது? விடிவதற்கு முன்னே பக்கத்து வீட்டில் போய்க் குளித்துக்கொள் என்றார்கள். கைப்பிள்ளைக்காரி விடிவதற்கு முன்னே எங்கே போகிறது? நான் எழுந்தால் பிள்ளையும் எழுந்துவிடும். ஈரத்துணியால் அறைக்குள்ளேயே துடைத்துக்கொண்டேன். வெயில் காலம், பால் வாடை, வியர்வை. உங்களிடம் சொல்வதற்கென்ன, என் உடம்பு எனக்கே பிடிக்காமல் போய்விட்டது. தலைக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு ஒரு மறைப்பு.

ஆனால் அந்தக் குருவியைக் கவனித்த கவனிப்பு இருக்கிறதே! குக்கர் விசில் அடிக்கக் கூடாது, குருவி மிரளும். மிக்ஸி போடக் கூடாது, அம்மியில் அரை. சிவப்புச் சேலை கட்டாதே, அதன் கண்ணுக்கு உறுத்தும். வளைகாப்புக்கு எங்க அம்மா எடுத்துத் தந்த சேலை சிவப்பு, பெட்டிக்குள் போய்விட்டது. என் பிள்ளை அழுதால் தொப்பியெல்லாம் ஒன்றாகத் திரும்பும். டாக்டர் வாயில் விரலை வைத்து என்னைப் பார்ப்பார். நான் பிள்ளையைப் பார்ப்பேன். அது வாயில் யார் விரல் வைக்கிறது?

கிணற்றடியில் உட்கார்ந்து குசுகுசு என்று பேசிக்கொள்வார்கள். "பாவம், குஞ்சு பொரிச்ச தாய். ரொம்பக் களைச்சுப் போயிருக்கு." "காலைலேருந்து சரியாவே சாப்பிடல." "பக்கத்துல போகாதீங்க, தாய்க்கு ஒரு நிம்மதி வேணும்." நான் இந்தப் பக்கம் ஜன்னலுக்குள் உட்கார்ந்து பழைய சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் பெங்களூர்க்காரர் என்னோடும் பேசினார். பேசவில்லை என்று பொய் சொல்லக் கூடாது. "கொஞ்சம் நகருங்கம்மா, உங்க நிழல் விழுது" என்றார். நகர்ந்தேன்.

கோபமா? எனக்கா? எனக்குக் கோபமெல்லாம் வராது அக்கா. மூன்று நாளைக்கு இவருக்கு உப்பில்லாமல் குழம்பு வைத்தேன், அது மறதி.

திருவேங்கடம் சார் அவர் சம்சாரத்தையும் வரச்சொன்னார். வசுமதி அம்மா. நல்ல நிறம், வெட்டிவிட்ட நரைத்த முடி, கால்சட்டை. நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இந்த அம்மாவும் உலகம் முழுக்கக் குருவி பார்த்தவளாக்கும், இன்னொரு தொப்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் கிணற்றடிப் பக்கமே போகவில்லை. நேரே அடுப்படிக்கு வந்து, "முருங்கைக்கீரையா? கொடு, நானும் உருவறேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அம்மாதான் பேசினாள். நான் கீரை உருவினேன்.

"அமேசான் காட்டுக்குப் போனோம் பேச்சி. பெரிய ஆறு. சின்னப் படகு. விடிஞ்சா ஏறினா பொழுது சாயறப்பத்தான் எறங்கணும். ஆம்பளைங்க நினைச்சப்ப எழுந்து படகு ஓரமா திரும்பி நின்னுக்குவாங்க. நான் முந்தின நாள் சாயங்காலத்துலேருந்தே தண்ணி குடிக்க மாட்டேன். அங்க என்ன பறவை பாத்தோம்னு கேட்டா எனக்குத் தெரியாது. நாக்கு ஒட்டிக்கிட்டது தெரியும்."

"எந்த ஊருல நல்லாருந்துச்சு அம்மா?" என்று கேட்டேன். எனக்கே ஆச்சரியம், கேட்டுவிட்டேன்.

கையிலிருந்த காம்பை உருவி முடித்துவிட்டுச் சொன்னாள். "நியூசிலாந்துல ஒரு காட்டுக்குள்ள, மரக்கதவு போட்டு, உள்ள தாழ்ப்பாளோட ஒரு கக்கூஸ் இருந்துது. அதுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுட்டு சும்மா நின்னேன். வெளியில இவர் கத்தறார், வசு, பறவை போயிடும், பறவை போயிடும்னு. போகட்டும்னு நின்னேன். உலகத்துல நான் பாத்ததுல அதுதான் நல்லாருந்துது."

அக்கா, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா என் தலையைப் பார்த்தாள். எண்ணெய்ச் சிக்கு. புறவாசலைப் பார்த்தாள். கல், தொட்டி, சும்மா நிற்கிற நாலு கம்பு. பையிலிருந்து ஒரு போர்வையை எடுத்தாள், எந்த தேசத்துப் போர்வையோ, ஒட்டகம் போட்டது. "எழுந்து வா. நான் பிடிச்சுக்கறேன். நீ குளி" என்றாள்.

ரெண்டு கையையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். நான் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினேன். முதல் செம்பு தலையில் விழுந்தபோது வந்த சுகம் பிள்ளை பிறந்தபோது கூட எனக்கு வந்ததில்லை. கிணற்றடியிலிருந்து சார் குரல் வந்தது, கத்தாமல் கத்துகிறார். "வசு! என்ன பண்றே? போர்வை அசையறது! பறவை பயப்படும்!"

"அசையட்டும்" என்றாள் அந்த அம்மா.

ஒரே சொல். சொன்ன பிறகு போர்வையில் ஒட்டகமெல்லாம் குதிக்கிறது. குளித்து முடித்ததும் சொன்னேன், "ரொம்பத் தைரியம் உங்களுக்கு." "தைரியமா? முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் வாயைத் தெறந்திருக்கேன். நீ உன் வீட்டுக்காரர்கிட்ட தட்டியைக் கேளு" என்றாள். "எனக்குப் பேச வராதும்மா" என்றேன். "எனக்கும் அப்படித்தான். அப்புறம் பேசிக்கலாம், அப்புறம் பேசிக்கலாம்னு அஞ்சு கண்டம் சுத்திட்டேன்" என்றாள்.

அந்த அம்மா ஒருதரம் பிடிப்பாள், தினமும் பிடிப்பாளா? சார் அதற்குப் பிறகு அவளைத் தினமும் ஆட்டோவில் ஏற்றிக் கோவில் பார்க்க அனுப்பிவிட்டார், ராத்திரி படுக்கத்தான் எங்க வீட்டுக்கு வருவாள்.

அப்புறம்தான் பிள்ளைக்கு ஊசி வந்தது.

நம்ம நர்ஸம்மா போடுகிற ஊசிதான். காலையில் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். "சாயங்காலம் காய்ச்சல் அடிக்கும், பயப்படாத, இந்தச் சொட்டு மருந்தைக் குடு" என்று கொடுத்துவிட்டாள். அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். மாவு ஊற்றிக்கொண்டே "ம்" என்றாள். காதில் விழுந்ததா என்று நான் எப்படிக் கண்டேன்?

உங்க பக்கத்திலும் சொல்வார்கள்தானே அக்கா, விளக்கு வைத்த பிறகு பிள்ளைத் துணி வெளியே கிடக்கக் கூடாது, மேலே பட்சி பறந்துவிட்டால் தோஷம், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் என்று? எங்க அத்தை அதில் ரொம்பக் கெட்டி. பொழுது இறங்குவதற்கு முன்னே பிள்ளைத் துணியை எண்ணி எண்ணி எடுத்து வைக்கச் சொல்வாள். ஒரு சின்னக் கோமணத் துணி கொடியில் கிடந்தாலும் எனக்கு அர்ச்சனைதான்.

அன்றைக்குத் துணி எடுக்க மறந்துபோனேன். மருதாணிச் செடிக்கு நேர்மேலே, கொடி நிறைய. மறதிதானே, யாருக்கும் வரும். மருந்தை மட்டும் நேரத்துக்குக் கொடுத்துவிட்டேன். அதெல்லாம் நான் மறக்க மாட்டேன்.

விளக்கு வைக்கிற நேரம், குருவி கூட்டுக்கு வந்தது, துணிக்கு மேலேதான் வந்தது, அதற்கு வேறு வழி கிடையாது. உள்ளே பிள்ளை சிணுங்கியது. அத்தை நெற்றியைத் தொட்டாள். தொட்டவள் புறவாசலைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"ஏளா பேச்சி! துணிய எடுக்கலியாளா? ஐயோ, என் பேத்திய குருவி அடிச்சிட்டே! பாவி மூதி, ஊரான் நாட்டுக் குருவி, எந்த மலையில இருந்து என்னத்தக் கொண்டாந்துச்சோ! ஏலே பாண்டி, குருவி இந்தப் பக்கம் வராம தட்டிய எடுத்துக் கட்டுலே! இப்பவே கட்டுலே!"

திருவேங்கடம் சார் ஓடி வந்தார். "அம்மா, மெதுவா, மெதுவா! பறவை மேல பறந்தா காய்ச்சல் வராதும்மா. அது மூடநம்பிக்கை."

"அப்படியா? அப்ப எங்க வீட்டுக் குக்கரு விசிலடிச்சா குருவிக்கு நோக்காடு வரும்னீரே, அது என்ன நம்பிக்கை?"

"அது ஆராய்ச்சி அம்மா."

"நீரு ஆராய்ச்சி பண்ணினீரு, பிள்ள பெத்தீரா?"

நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவர் ஓரமாக நின்றேன். ஊசி என்று சொல்லியிருக்கலாம். யாரும் என்னிடம் கேட்கவில்லை அக்கா. கேட்டால் சொல்லியிருப்பேன். தட்டி வந்துவிடும் என்றுதான் நின்றேன். மனசுக்குள் கயிறு கூட எடுத்து வைத்துவிட்டேன்.

இவர் நடுவில் நிற்கிறார். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் சார். மறுநாள் வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள், பெரிய கூட்டம், குளத்துக்குப் போக இவர் ஆட்டோதான் பேசியிருக்கிறது. தலையைச் சொறிந்தார். அந்தத் தலைக்குள் யோசனை உருண்டு வருவது எனக்குத் தெரிந்தது. கடைசியில் முகமெல்லாம் பளிச்சென்று ஆகி, சொன்னார்.

"அப்ப ஒண்ணு செய்வோம். பேச்சியையும் பிள்ளையையும் அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிருவோம். தட்டியும் வேண்டாம், தோஷமும் இல்ல. குஞ்சு பறந்ததும் வந்துரட்டும்."

"நல்ல யோசனை பாண்டி! எல்லாருக்கும் நல்லது" என்றார் சார்.

அத்தை கொஞ்சம் முனகினாள். டீச்சட்டியைப் பார்த்தாள். "சரி, போய்ட்டு வரட்டும்" என்றாள்.

குருவி இருக்கட்டும், இவள் போகட்டும். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். தட்டிக்காக மறந்துபோன துணியை எல்லாம் எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தேன். அந்தப் பைதான் இது, உங்க காலுக்குக் கீழே இருக்கிறது. இடிக்கிறதா?

பிள்ளைக்கு இப்போது ஒன்றுமில்லை, தொட்டுப் பாருங்க. காலையிலேயே காய்ச்சல் விட்டுவிட்டது. கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்கிறீங்களா? கை மரத்துவிட்டது. கழுத்தைத் தாங்கிக்கோங்க. ஆ, அப்படித்தான்.

நாங்குநேரியில் இறங்கி இந்த பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதே வசுமதி அம்மா போன் பண்ணினாள். அந்த அம்மா என்றால் எடுப்பேன், அவளே பேசிக்கொள்வாள்.

"பேச்சி, குஞ்செல்லாம் பறந்துடுச்சு" என்றாள்.

"எப்பம்மா?"

"நீ ஆட்டோல ஏறினியே, அப்பவே. எங்க வீட்டுக்காரர் வெள்ளைக்காரங்களக் கூட்டிட்டு வர ரோட்டுக்குப் போயிருந்தார். மத்தவங்கல்லாம் உங்க அத்தைகிட்ட டீக்கு நின்னுட்டிருந்தாங்க. நான் உன் குளிக்கிற கல்லுல உக்காந்து பல் தேய்ச்சிட்டிருந்தேன். ஒரு குஞ்சு கிளையில வந்து நின்னுது. என்னையே பாத்துது. ஒண்ணு பறந்துது, அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் அம்மாக்காரி. பாத்தவ நான் ஒருத்திதான். உலகமெல்லாம் சுத்தி, இவர் பாக்காத ஒண்ணை நான் பாத்துட்டேன் பேச்சி. வாயெல்லாம் பேஸ்ட்டு."

"சார்கிட்ட சொன்னீங்களாம்மா?"

"அவர் கேக்கல. கேட்டா சொல்லலாம்னு இருக்கேன்."

எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. இந்த அம்மாவும் என்னை மாதிரியே மறதிக்காரிதான் போல.

இன்னும் ஒன்று சொன்னாள், அதைக் கேளுங்க. வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கி, எல்லாக் குழாயையும் மருதாணிச் செடிக்கு நேரே நாட்டி வைத்துக்கொண்டு காலிக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். சாருக்கு வேர்த்துக் கொட்டுகிறதாம், பறக்க இன்னும் நாளாகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாரே. எங்க அத்தை என்ன சொல்கிறாள் தெரியுமா? கைப்பிள்ளைக்காரியை வாசல் தாண்டி அனுப்பினோம், அந்தப் பாவம், குருவி கோபித்துக்கொண்டு போய்விட்டது என்கிறாளாம். சார் என்ன சொல்கிறார் தெரியுமா? அந்தப் பெண்ணின் நடமாட்டத்துக்குப் பழகின பறவை, அவள் இல்லாததால் மிரண்டிருக்கும், பக்கத்தில்தான் எங்காவது இருக்கும், பாண்டி, உடனே அவளைக் கூப்பிடு, அவள் வந்தால் குஞ்சோடு திரும்பி வரும் என்கிறாராம். "உங்க அத்தையும் அவரும் இன்னிக்குத்தான் முதல் தடவையா ஒத்துப்போறாங்க" என்றாள் அந்த அம்மா. அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

அதற்குத்தான் அக்கா இந்தப் போன். பெண்டாட்டி வேண்டும் என்று அடிக்கவில்லை. பிள்ளையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று அடிக்கவில்லை. நான் போய்ப் புறவாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தால் குருவி வருமாம். வயலுக்குக் கட்டுகிற வைக்கோல் பொம்மை பறவையை விரட்டும் என்று பார்த்திருக்கிறேன், வரவழைக்கிற பொம்மையை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

"இப்பக் கேளு பேச்சி. இன்னிக்கு என்ன கேட்டாலும் குடுப்பாங்க. நாளைக்குக் குடுக்க மாட்டாங்க. நான் கேக்காம விட்டவ சொல்றேன்" என்று சொல்லித்தான் வசுமதி அம்மா போனை வைத்தாள். இவ்வளவு தூரம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறேன். கேட்டுவிட வேண்டும். ஆனால் எனக்குத்தான்...

இதோ, மறுபடியும் அடிக்கிறார்.

அக்கா, நீங்க எடுங்க. நிஜமாகத்தான். கதை முழுக்கக் கேட்டுவிட்டீங்க, உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பிள்ளையை இப்படிக் கொடுங்க, இதைப் பிடிங்க. தட்டி வேண்டாம் என்று சொல்லுங்க. தட்டி என்றால் அடுத்த குருவிக்கும் பிரிப்பார். செங்கல் சுவர். நாலு பக்கமும். மேலே தகரம். கதவுக்குத் தாழ்ப்பாள், உள்பக்கம். உள்பக்கம் என்று ரெண்டுதரம் சொல்லுங்க, இல்லாவிட்டால் வெளிப்பக்கம் மாட்டித் தொலைப்பார். கட்டி முடித்த பிறகு, அத்தையைக் கூட்டிக்கொண்டு, எங்க அம்மா வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிடச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் வரமாட்டேன். குருவிக்காகக் கூப்பிட்டால் குருவியையே கூப்பிடச் சொல்லுங்க, அது பனிமலையிலிருந்து வழி கேட்காமல் வந்ததுதானே.

யார் பேசுவது என்று கேட்பார். பக்கத்து சீட்டு என்று சொல்லுங்க.

அட, எடுங்க அக்கா, நின்றுவிடப் போகிறது. பச்சையை அமுக்குங்க. என்ன, முன்பின் தெரியாத ஆம்பளையிடம் எப்படிப் பேசுவது என்கிறீங்களா?

இப்படிக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தால் ஆகுமா? வாயைத் திறந்து பேசுங்க!